வண்டி வேடிக்கை

ஆடி மாதம், குகை.
எங்கள் தெரு வண்டியில் இந்த வருடம்
உலகத்துப் போர்த்தெய்வங்கள் ஏறுகின்றன.
யோசனை செங்கோட்டுவேலுடையது.
கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிறவன்,
போனில் படித்துப் படித்தே கண் சிவந்தவன்.
அவனே அதீனா.
தகப்பன் மண்டையைப் பிளந்துகொண்டு
கவசத்தோடு பிறந்தவளாம்.
எவர்சில்வர் அண்டாவின் அடிப்பாதி தலைக்கு,
மூடி கேடயத்துக்கு.

எகிப்துக்காரி சிங்கமுகம், சித்தையன்.
கொன்றும் கொன்றும் அடங்காதவளை
பீரில் சிவப்பு கலந்து, ரத்தம் என்று சொல்லி
ஊற்றிப் படுக்கவைத்தார்களாம்.
"அந்தக் காலத்துலயே டாஸ்மாக்" என்றவன்
ஒத்திகைக்கு மூன்று நாளும் தவறாமல் வந்தான்.

மாதையன் அயர்லாந்துக் காக்கை.
போருக்கு முந்தின நாள் ஆற்றுத்துறையில் குந்தி
மறுநாள் சாகப்போகிறவன் துணியை அலசுகிறவள்.
அவனுக்கு வேஷம் கொஞ்சம்தான் தேவைப்பட்டது.
சாயப்பட்டறையில் பதினெட்டு வருடம்.
முழங்கை வரை சிவப்பு,
எந்தச் சோப்புக்கும் போகாது.
திருமணிமுத்தாறு நாளைக்கு என்ன நிறத்தில் ஓடும் என்பது
அவனுக்கு இன்றைக்கே தெரியும்.

நான் கொற்றவை.
"அம்மன் வேஷத்துக்கு எதுக்குங்க பொம்பள?"
இதற்கே கமிட்டி இரண்டு முறை கூடியது.
கடைசியில் ஆள் குறைந்ததால் ஏறினேன்.
காலடியில் தெர்மாகோல் எருமைத்தலை.
பக்கத்தில் கலைமான்,
கொம்புக்கு ஏற்காட்டில்
கவாத்து செய்து போட்ட காபிக் கிளைகள்.

வண்டி நகர்ந்தது.
சிங்கமுகத்தை நரசிம்மர் என்று கும்பிட்டார்கள்.
அதீனாவுக்குப் பிள்ளைகள் விசிலடித்தார்கள்.
என்னைக் காளி என்றார்கள், துர்க்கை என்றார்கள்.
ஒருவர் டிரைவரிடம் கேட்டார்:
"இது எந்த நாட்டுச் சாமிங்க?"
பாலை முழுக்க ஆண்டவள்.
வில்லைத் தொடுமுன் என் பெயரைச் சொன்ன வாய்கள்
இந்த மண்ணின் தண்ணீர் குடித்தவை.
கோபம் வரவில்லை. கால் மரத்திருந்தது.

திருப்பத்தில் ஜெனரேட்டர் நின்றது.
இருட்டில் தெய்வங்கள் வியர்வையாக நாறின.
ஒரு கை என் பாதத்தைப் பற்றியது.
"தாயே, மவன் எல்லையில இருக்கான், பனியில.
நாலு நாளா போன் எடுக்கல.
ஜெயிக்கணும்னு கேக்கல.
வந்து சேர்ந்தாப் போதும்."

ஜெயிப்பு என் இலாகா.
தலை கேட்பதும்,
கொடுத்த தலைக்குக் கல் நடுவதும்.
வந்து சேர்வதை
இந்த வண்டியில் யாரும் பார்ப்பதில்லை.
திரும்பினேன்.
அண்டா குனிந்திருந்தது. பிடரியும்.

கையில் திருநீறு இல்லை.
மானின் கொம்பைத் தடவினேன்.
கவாத்தில் தப்பிய ஒற்றைப் பச்சைக் காய்.
கொடுத்தேன், முந்தியில் முடிந்துகொண்டாள்.
"எந்த அம்மன் தாயே?"
"கொற்றவை."
"குத்தவையா?
சரி, எவளா இருந்தா என்ன."
விளக்கு வந்தபோது அங்கே
பலூன்காரன் நின்றிருந்தான்.

எங்களுக்கு மூன்றாம் பரிசு, ஒரு குத்துவிளக்கு.
பங்கு போட முடியாததால் சண்டை.
அதீனா சித்தையனை அறைந்தாள்.

விடியுமுன் குழாயடி.
வடக்கே சேர்வராயன் மலை
இன்னும் கரியாகவே கிடந்தது.
எனக்கு முன்னால் மாதையன் குந்தியிருந்தான்,
சிவந்த கைகளால் எதையோ அலசிக்கொண்டு.

அது உன் சட்டைதானே மாதையா என்று கேட்டேன்.
தண்ணீர்ச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.
இன்னொரு முறையும் கேட்டேன்.