அரைக் கிலோ

தேவிபட்டினம் தாண்டியதும்
வண்டிக்குள் ஏசி செத்துவிட்டது.
ஒளிமானிக்கு மட்டும் மின்விசிறி.
எங்களுக்குக் கதவு.

திருப்பாலைக்குடியில் வேம்பு பார்த்து நிறுத்தினோம்.
பத்து மணிக்குள் முப்பத்தொரு பொட்டலம்:
உரச்சாக்கைக் கிழித்துக் கட்டியது,
பிஸ்கட் டப்பா, மீன் நாறும் பாலித்தீன்,
மகளின் டிபன் பாக்ஸில் ஒன்று.
அது மதியத்துக்குள் திரும்ப வேண்டுமாம்.

பதினெட்டாம் எண், நம்புவேல்.
ஒன்றேகால் ஏக்கர், மானாவாரி, முண்டு மிளகாய்.
மண் புட்டு மாதிரி உதிர்ந்தது.
கரிமம் நிறைய. உப்பு கொஞ்சம்.
இந்தக் கரையில் ஏழு வருஷமாக மண் கரைக்கிறேன்,
இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"எங்க எடுத்தீங்க?"
காதுமடலைச் சொறிந்தார்.
"குப்பைக்குழி ஓரமா, மேடம்.
வெளியாளு பாக்குறதாச்சே,
நல்லதா எடுத்தேன்."

பெண் பார்க்க வருகிறார்கள் என்று
இரவல் நகை பூட்டி
அனுப்பியிருக்கிறார் நிலத்தை.

சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.
போன மாதம் மேலிடத்து ஆய்வன்று
நாங்களும் புதுக் குடுவைகளைத்தான்
முன்வரிசையில் அடுக்கினோம்.

அவர் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன்.
சீமைக்கருவேல் முழங்கையைக் கீறியது.
வயலின் கிழக்கு மூலை
கருவாடு அள்ளிய பாய்போல
வெள்ளை பூத்துக் கிடந்தது.
"இதையுமா?" என்றார்,
நோயாளி படுத்திருக்கும் அறையைத்
திறக்கச் சொன்னதுபோல.

அதற்குத் தனிப் பை.
மற்றதற்கு வரப்பை விட்டு, நிழலை விட்டு
கோணல்மாணலாக நடந்து
பத்து இடத்தில் ஆப்பு வடிவ வெட்டு, ஒரு சாண் ஆழம்.
குவித்தோம். நாலாகப் பிரித்தோம்.
எதிரெதிர்ப் பங்கு இரண்டை வீசினோம். மறுபடி நாலு.
அரைக் கிலோ மிஞ்சும்வரை
நிலத்தை நிலத்துக்கே
திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றரைக்குக் குடுவையில் நீலம் ஏறியது.
ஏறிக்கொண்டே போனது.
"மணிச்சத்து கெடக்கு மண்ணுல, வேணும்ங்கிறதுக்கு மேல.
இந்த வருஷம் டிஏபி ஒரு மூட்டைகூட வேணாம்.
மூலையில தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுங்க.
மழைத்தண்ணியத் தேக்கி வடிய விடுங்க."

அட்டையை இரு கையால் வாங்கினார்.
வாங்கிய இடத்திலேயே நின்றார்.
"மண்டியில டிஏபியைத்தான் கடனாத் தருவாக.
மூட்டைய எடுக்காட்டி
காய எடுக்க மாட்டாக."

இதைக் கரைத்துப் பார்க்க
வண்டியில் குடுவை கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்:
"வேணாம்னு பின்னால எழுதிக் குடுங்க.
பெரிய எழுத்தா. சீல் வச்சு.
அரசாங்கம் சொல்லுதுன்னு காட்டிப் பாக்குறேன்."

அட்டையின் பின்பக்கம் எதற்கென்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
எழுதினேன்.
பச்சை மையில், அவர் காட்டச் சொன்ன அளவுக்கு,
வேண்டாம்.

முத்திரை ஈரமாக இருந்தது.
கடல்காற்றில் எதுவும் சட்டென்று காய்வதில்லை.
ஒளிமானியின் மின்விசிறியை
அவர் பக்கம் திருப்பிவைத்தேன்.