அறையின் ஓசை

பேட்டி முடிந்தது.
"ஒரு நிமிடம் பேசாமல் இருப்போம்,
அறையின் ஓசை வேண்டும்" என்றாள் மார்லிஸ்.
வெட்டிய இடங்களை ஒட்ட
எல்லா வீட்டிலும் கேட்பதுதான்.

ஆர்வின் எழுந்தார்.
தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.
மக்காச்சோளக் குதிருக்குள் மகன் அமிழ்ந்து
பதினாறு நாள்.

அவள் திருத்தவில்லை.
ஹெட்போனுக்குள் ஃபிரிட்ஜ் முனகியது,
டகோட்டாக் காற்று கதவை ஆட்டிப் பார்த்தது,
அவர் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார்.
நிமிடம் தாண்டியும்
பொத்தானுக்குப் போகவில்லை கை.

நிலையத்தில் தந்தது நாலு நிமிடம்.
பூட்டாத விசை, வராத ஆய்வாளர், அபராதத் தொகை
எல்லாம் சொல்லியாக வேண்டும்.
மௌனத்துக்கு மிஞ்சியது பதினோரு நொடி.

மறுநாள் காலை,
லாரியில் போன ஒருவன்
ரேடியோ செத்துவிட்டதென்று தட்டப் போனான்.
யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.
கையை இழுத்துக்கொண்டான்.