பத்துக்கு எத்தனை

கணக்கெடுக்க வந்த பெண்
ரொட்டிக்கடை ஜன்னலில் குனிந்து கேட்டாள்:
மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா,
ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்.
அவளுக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர்.
எத்தனை மணிக்கு, என்று கேட்டேன்.
அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லையாம்.

விடியற்காலை நாலு மணி என்றால், இரண்டு.
ரியோனி ஆற்றிலிருந்து ஏறிவரும் குளிர்
குட்டாய்சி ஊரையே விட்டுவிட்டு
என் முழங்காலைத்தான் தேடி வரும்.
சில்லறைப் பெட்டியின் பூட்டு விரலைக் கடிக்கும்.
உள்ளே ஜும்பெர் மாவு பிசைவான்.
முர்மன் அடுப்பின் வாய்க்குள்
இடுப்புவரை தலைகீழாய்க் கவிழ்ந்து
ரொட்டியைச் சூட்டுச் சுவரில் அறைந்து ஒட்டுவான்.
இருவரும் பேசி ஆறு வருடம்.

ஒரு பழைய கார். பாதிப் பணம்.
கொடுத்தேன் என்கிறான் ஒருவன்,
கைக்கு வரவில்லை என்கிறான் மற்றவன்.
கார் என்றைக்கோ காயலான் கடைக்குப் போய்விட்டது.
சண்டை மட்டும்
இன்னும் நல்ல ஓட்டத்தில் இருக்கிறது.
"த்சியாலா, உப்பு போதுமா என்று அவனைக் கேள்."
மூன்றடி தூரத்தில் நிற்கிறவனுக்கு
நான் தபால்காரி.

பாட்டு வேறு விஷயம்.
முதல் ஈடு வேகிற அந்தப் பத்து நிமிடத்தில்
யார் தொடங்குகிறார்கள் என்று
ஒரு நாளும் நான் பிடித்ததில்லை.
ஜும்பெரின் அடிக்குரல்
மூட்டையை மெல்லத் தரையில் இறக்குவதுபோல் இறங்கும்.
அதன்மேல் ஏறி நிற்பான் முர்மன்.
எங்கள் பாட்டுக்கு மூன்று குரல் வேண்டும்.
நடுக்குரல் பெசிக்,
பிப்ரவரியில் போலந்துக்குப் போனான்,
கிடங்கில் பெட்டி அடுக்க.
அதற்குப் பிறகு பாட்டில்
பல் விழுந்த இடம் ஒன்று.
நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவும்.

ஒரு நாள் பெசிக்கே கூப்பிட்டான்.
அங்கே இரவு ஷிப்ட், இடைவேளை,
கையில் பாதி கடித்த சாண்ட்விச்.
"ஆரம்பியுங்கடா" என்றான்.
போனை மாவு மூட்டையில் சாய்த்து வைத்தேன்.
அவன் குரல் அரை நொடி பிந்தி வந்தது.
இவர்கள் அடுத்த அடிக்குப் போன பிறகு
அவன் முந்தின அடியின் வாசலில் நின்று
கதவு தட்டிக்கொண்டிருந்தான்.
வரிசையில் நின்ற டாக்ஸிக்காரர்
பூனையையா சுடுகிறீர்கள், என்றார்.

இரண்டு வாரம் இப்படி.
பிறகு,
ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே
இருவரும் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள்.
ஒவ்வோர் அடியின் முடிவிலும்
சுரத்தை விடாமல் பிடித்தபடி,
மாவு அறுந்துபோகாமல் இழுப்பதுபோல்
மூச்சை இழுத்து இழுத்து,
அவ்வளவு தூரத்திலிருந்து அவன் வந்து சேரும்வரை.
ஜும்பெரின் கழுத்து நரம்பு புடைக்கும்.
முர்மனின் கண் ஜும்பெரின் வாயைவிட்டு அகலாது.
பணத்துக்கு ஒரு வாரம் பொறுக்காதவர்கள்.

இனிப் பேசிவிடுவார்கள் என்று நினைத்தேன்.
பாட்டு முடிந்ததும் முர்மன் சொன்னான்:
"ரொட்டி கருகுகிறது என்று அவனிடம் சொல்."
சொன்னேன்.

அந்தப் பாதிப் பணம் எங்கே நின்றது என்று
எனக்குக் கொஞ்சம் தெரியும்.
சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்துவிடும்,
என் தபால் உத்தியோகமும்.
நாளைக்குச் சொல்லலாம் என்று
ஆறு வருடமாக நினைக்கிறேன்.
இதையும் சேர்த்துத்தான்
மகிழ்ச்சியை எண்ண வேண்டும் என்றால்
உன் பத்து போதாது, பெண்ணே.

அவள் பேனாவைத் தூக்கியபடியே நின்றாள்.
உள்ளே யாரோ தொடங்கிவிட்டார்கள்.
ஏழு என்று போட்டுக்கொள், என்றேன்,
ஒரு லாரியும் ஐம்பது தெத்ரியும் கொடு.

என்ன எழுதினாள் என்று பார்க்கவில்லை.
படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
சூடான ரொட்டியின் கூர்முனையை
வீடுவரை பொறுக்காமல்
தெருவிலேயே பிய்த்து வாயில் போட்டு,
சுட்டுவிட்டதுபோல்,
ஊ ஊ என்று ஊதிக்கொண்டே போனாள்.