புதுவயலில் பூஜ்யம் டிகிரி

சித்திரை பதினெட்டு, இரவு ஒன்றரை.
ஆலையின் உலர்த்திக்குள் ஆறு டன் புழுங்கல் நெல்.
திரையில் அதன் வெப்பம்:
பூஜ்யம் புள்ளி ஒன்று ஆறு.

"ஒங்க மெசினுக்குக் குளிருதும்மா" என்கிறார் சேவுகன்.
பர்னரைக் கையால் அணைத்துவிட்டு
பீடி பற்றவைக்க ரோட்டுக்குப் போகிறார்.
இங்கே உமித்தூசி, தீக்குச்சி ஆகாது.

காரைக்குடியிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்தவள் நான்.
மூட்டை மேல் மூட்டை, அதன்மேல் மடிக்கணினி,
கெர்னலின் கேள்விப் பட்டியல்
அடியே தெரியாமல் இறங்கிக்கொண்டு போகிறது.
ஒவ்வொரு டிரைவருக்கும் மூன்று பதில்.
ஒய் என்றால் உடம்போடு ஒட்டிப் பிறந்தது.
என் என்றால் வாசலோடு சரி.
எம் என்றால்
கூப்பிட்டால் வரும், போகச் சொன்னால் போகும்.
பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள்
பத்து நாள் கழித்துப் போனில் சொல்வார்களே,
அந்த 'ம்'.

எம் அழுத்தினேன்.
நாலாவது கம்பைல். மின்விசிறி இறைக்கிறது.

சென்சார்கள் வரும் தடத்துக்கும் பஸ் என்றுதான் பெயர்.
இரண்டே கம்பி, நிறுத்தத்துக்கு ஒரு எண்.
நாற்பத்தெட்டில் ஆள் இருக்கிறது,
தட்டினால் குரல் கொடுக்கிறது,
சொல்கிற கணக்குத்தான் பைத்தியம்:
இப்போது பூஜ்யம்,
நெல் அரை டிகிரி சுட்டால்
மைனஸ் நூற்று இருபத்தெட்டு.
நிலாவில்கூட அறுவடை இல்லை அந்தக் குளிரில்.

கண் வலித்துச் சுவரைப் பார்த்தேன்.
சாக்குகளில் நீல மையில் முதலாளியின் விலாசம்,
மூன்று முன்னெழுத்து, வரிசை பிசகாமல்.

போன மாதம் என் காசோலை திரும்பியது.
மெ.சித. உமையாள் நான்.
கணக்கர் சித.மெ. என்று எழுதிவிட்டார்,
பாட்டன் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா.
எழுத்து எல்லாம் சரி, மை சரி, தொகை சரி.
வங்கிக்கு அது வேறு யாரோ.

முன் பைட். பின் பைட்.

சென்சார் பெரியதை முதலில் சொல்கிறது.
என் டிரைவர் சின்னதை முதலில் வாங்கிக்கொள்கிறது.
நாற்பத்திரண்டு, பின்னால் வெறும் சுழி:
புரட்டிப் படித்தால்
நெல்லுக்கு மார்கழி.
பொய் யாரும் சொல்லவில்லை.
மூன்று வாரமாக நான் திட்டியது
உண்மையை மட்டுமே பேசிய ஒரு மிளகளவுச் சில்லை.

ஒரு வரி திருத்தம்.
பழையதைப் போகச் சொன்னேன், புதியதைக் கூப்பிட்டேன்.
முப்பத்தொன்பது புள்ளி ஐந்து.
மறுபடி பார்த்தேன். முப்பத்தொன்பது.
அணைத்த நெல் ஆறிக்கொண்டிருக்கிறது,
அதுவும் சரி.

சேவுகன் வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.
"இப்ப நம்பலாமா?"

"ம்."

அதை அவர் எந்தப் பதிலாக எடுத்துக்கொண்டாரோ,
பர்னரைப் போட்டார்.
போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே
ஒரு வெற்றுச் சாக்கை விரித்து
கண்ணை மூடாமல் படுத்துக்கொண்டார்.