இல்லை என்றால் சரி

கிரிம்ஸ்பி மீன் கொட்டகையில்
ஏழாவது மேசை என்னுடையது.
வலப்பக்கம் பனிக்கட்டித் தொட்டி.
இடப்பக்கம் சூப்பர்வைசர் கிளென் பார்ட்ரம்,
குரல் உயர்த்தாத மனிதர். அதுவே பயமாக இருக்கும்.

ஒரு கேள்விக்கு இரவெல்லாம் ஒத்திகை.
கேன் ஐ என்று ஆரம்பித்தால்
என் கால்களுக்கு நடக்கத் தெம்பிருக்கிறதா என்று
அவரிடம் போய் விசாரிப்பதுபோல் இருக்கும்.
குட் ஐ, அதே ஆள்தான்,
தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறான்.
மே ஐ என்றால் வகுப்பறை:
சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு
வெளியே போகத் தவிக்கும் பிள்ளை.
எனக்கு நாற்பத்தொரு வயது.

ரீகாவில் கதவைத் தட்டிவிட்டு
த்ரீக்ஸ்ட்? என்று தலையை நீட்டுவோம்.
ஒரே சொல்.
வா என்பார்கள், இல்லை சாத்திவிடுவார்கள்.

கடைசியில் வுட் யூ மைண்டை எடுத்துக்கொண்டேன்.
இருப்பதில் அதுதான் நீளம்.
மரியாதை நீளத்தில்தான் இருக்கிறதென்று
கேன்டீன் வெல்டா அடித்துச் சொன்னாள்.

நாலு மணிக்குக் கிளம்பினால் உங்களுக்கு ஆட்சேபமா?
தங்கை வருகிறாள் என்று சேர்த்துக்கொண்டேன்.
பேருந்து இருபது நிமிடம்தான் நிற்கும்,
பிறகு ஹல் துறைமுகம், பிறகு கப்பல்,
பார்த்து ஆறு வருடம்
இதற்கெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம் இல்லை.

கிளென் நிமிராமல் சொன்னார்:
நோ, நோ.
ஒன்றுகூட இல்லை, இரண்டு.

ஆறு மணிவரை ஹாடக் அறுத்தேன்.
நாலு அடித்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன்.
நாலு பத்துக்குப் பார்த்தேன்.
நாலே காலுக்குப் பிறகு பார்க்கவில்லை.
லாக்கருக்குள் போன் மீன்போலத் துடித்தது
என்று எழுத வருகிறது. பொய்.
எங்களிடம் வந்து சேரும் மீன் எதுவும் துடிப்பதில்லை.

மறுநாள் காலை, கையுறை மாட்டிக்கொண்டே,
"தங்கச்சி எப்படி இருக்கா?"

"நீங்கதான் இல்லைன்னு சொன்னீங்களே."

"ஆமா. ஆட்சேபம் இல்லைன்னு."

மேசைமேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
இல்லை என்றால் போ.
ஆமாம் என்றால் போகாதே.
அவர் ஆமாம் என்று மறுத்திருந்தால்
நன்றி சொல்லிவிட்டு ஓடியிருப்பேன்,
தங்கையைப் பார்த்திருப்பேன்,
வேலை போயிருக்கும்.

அவர் முகம் அவித்த நண்டு நிறமாயிற்று.
ஏதோ சொல்ல வந்து குழாயைத் திறந்தார்,
கையுறையோடு கை கழுவினார்.

வெள்ளிக்கிழமை அவர் கத்தி மழுங்கிவிட்டது.
வுட் யூ மைண்ட் என்று தொடங்கி
என் கத்தியைக் கேட்டார்.
தொடங்கியதும் அவருக்கே உறைத்திருக்க வேண்டும்,
முடிவைப் பாதி விழுங்கினார்.

வாயில் ஒரு பக்கம் ஆமாம், ஒரு பக்கம் இல்லை.
எது கொடுக்கும், எது மறுக்கும்?
பெல்ட்டில் மூன்று மீன் தாண்டிப் போயின.

கத்தியைத் துடைத்துத் திருப்பி
பிடியை அவர் பக்கம் நீட்டினேன்.