இருபத்திரண்டு கட்டங்கள்

மாவட்டத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
ஒரு பிள்ளைக்கு ஒரு தடுப்பூசி போட
அரசுக்கு என்ன செலவு ஆகிறது?
பைசா பிசகாமல் நிரப்பி அனுப்பணுமாம்.

நிரப்புகிறேன்.
பல்லடத்தில் காலை எட்டுக்கு
ஐஸ் பொதிகள் வேர்க்கும்வரை காத்திருந்து
சென்னியப்பன் அடுக்கிக்கொண்டு வந்த நீலப்பெட்டி.
எக்ஸெல் வண்டிக்குப் பெட்ரோல்.
அவர் கூலி, மூன்று மாதமாய் வரவில்லை.
வராத கூலி செலவா, மிச்சமா?
"அதெல்லாம் நீங்களே பார்த்து எழுதிப்போடுங்க சிஸ்டர்" என்கிறார்,
தலைக்கவசத்தைத் துடைத்துக்கொண்டே.

சிரிஞ்சு, பஞ்சு, ஊசி நறுக்கி, சிவப்புப் பை:
இவற்றுக்கு விலை உண்டு, எழுதியாயிற்று.

திங்கள் ராத்திரி காற்றில் கம்பி அறுந்து
கரண்ட் போனது.
மருந்தாளுநர் கலாமணி வீட்டுக்குப் போகவில்லை.
குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு
அதன் மூடியை யாரும் திறக்காமல் பார்த்துக்கொண்டார்,
விடிய விடிய, அவ்வளவுதான் வேலை.
எட்டைத் தாண்டக்கூடாத முள்
ஆறில் நின்றது.
ஒன்றும் ஆகாமல் போனதற்கு
எந்தக் கட்டத்தில் என்ன தொகை போட?

பதினொன்றுக்குக் கலக்கிய தட்டம்மை மருந்து
மூன்று மணிக்குக் காலாவதி.
மூன்றரைக்கு வந்தாள் ஜமுனா மாஜி,
விசைத்தறி லைன் வீட்டிலிருந்து,
ஒன்பது மாதப் பிசுவை இடுப்பில் இடுக்கி.
கையில் கசங்கிய அட்டை, காளாஹண்டி முத்திரை.
தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு.

புதுக் குப்பி ஐந்து பேருக்கு.
பிள்ளை ஒன்று.
அடுத்த புதன் வா என்று சொல்ல
அவள் மொழியில் எனக்குத் தெரியும்,
அந்த நாலு வார்த்தை நன்றாகவே தெரியும்.
அடுத்த புதன் அவள் எந்தத் தறியிலோ.

உடைத்தேன்.
லேபிளில் நேரம் எழுதினேன்.
ஆஷா பெண் வரிசை வீடுகளில் தட்டிப் பார்த்தாள்:
"பொடுசு இப்பத்தானுங்க தூங்குது."
"அவிங்க அப்பன் வரட்டுமுங்க."
"போன மாசமே போட்டாச்சுங்க."
வெறுங்கையோடு திரும்பினாள்.

ஜமுனாவுக்கு ரெண்டு தறி நின்றது,
மேஸ்திரி அரை ஷிப்ட் பிடித்துக்கொள்வார்.
அது அரசின் செலவு அல்ல.
படிவத்தின் அடியில்
பொடி எழுத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள்.

ஊசி ஏறியதும் பிசு அழுதான்.
தறி இரைச்சலில் பிறந்து தூங்கிப் பழகியவன்
இந்தச் சின்ன அறையின் அமைதியில்
தன் குரலை முழுசாய்க் கேட்டுவிட்டு
இன்னும் பலமாய் அழுதான்.
அரை மணி நேரம் உட்காரவைத்தேன்.
ஜமுனா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போய்விட்டார்கள்.
பதினேழாம் கட்டம், வீணான டோஸ்: நான்கு.
பதினெட்டு, காரணம்.
இடம் ஒரு விரல் அகலம்கூட இல்லை.
பிசு என்று எழுதினேன், அடித்தேன்.
மேலேயே நெருக்கி எழுதினேன்:
ஒரு பிள்ளை வந்தது.