வீடு பூட்டு

பள்ளத்தூர்ப் பக்கம் பதினாறு வருடமாக
மீட்டர் பார்க்கிறேன்.
முன்வாசல் ஒரு தெருவில் திறந்து
பின்வாசல் அடுத்த தெருவில் முடிகிற வீடுகள்.
ஆள் பினாங்கில், அடிலெய்டில்,
சாவி எங்கோ ஓர் இடுப்பில்.
பாதி நாள் நான் எழுதுவது இரண்டே சொல்:
வீடு பூட்டு.
ஒருமுறை திறந்த வீட்டில்
எழுபது அறைக்கும் சேர்த்து மூன்று யூனிட்.
சாமிக்கு எரிந்த விளக்கு.

வெயிலில் வண்டியை நிறுத்தி
அந்த நிழல்களில் நின்றுதான்
எனக்கு அந்த ஆசை முளைத்தது.
கம்பம் எட்டாத கால் காணி.
பனையோலை வேய்ந்த ஒரே அறை.
இரண்டு பானை, ஒரு பாய்.
இருட்டினால் படுக்கை,
கரிச்சான் கத்தினால் விழிப்பு.
லைன்மேன் ஆரோக்கியத்திடம் சொன்னேன்.
"லோன் எத்தனை மாசம் பாக்கி சார்?" என்றான்.

ஐப்பசிக் காற்றில் அறுந்த கம்பியைத் தேடி
முந்திரிக்காட்டைத் தாண்டிப் போனோம்.
சொக்கனேந்தல் கண்மாய்க் கரையில்
அது நின்றது.
என் மண்டையைத் திறந்து பார்த்து
யாரோ கட்டிவைத்தது போல.
செம்மண் சுவர். சாய்ந்த முருங்கை.
அலையில் மிதந்து முங்கும் நீர்க்காகம்.
நான் கேட்காத ஆடுகள் மட்டும் கூடுதல்.

தோளில் தொங்கிய பையைப் பார்த்து
ஓடி வந்தாள் ஒருத்தி.
"வயர் வந்துருச்சா?"

அடைக்கி என்று பெயர்.
மனு கொடுத்து ஏழு வருடம்.
"போன ஆடியில மருமக பிள்ளை பெத்தது
டார்ச்சு வெளிச்சத்துல.
அதுக்கு முந்தின மழையில
கட்டுவிரியன் பாயில ஏறிப் படுத்துக்கிச்சு,
எங்க வீட்டுக்காரு பக்கத்துல."
அவர் என்ன ஆனார் என்று
நான் கேட்கவில்லை.
சுவரில் ஒரு சட்டை தொங்கியது.

இந்த இருட்டு எவ்வளவு அழகு தெரியுமா
என்று சொல்ல வைத்திருந்த வாக்கியத்தை
அவள் கொடுத்த தண்ணீரோடு விழுங்கினேன்.
தேற்றாங்கொட்டை உரசித் தெளிந்த தண்ணீர்.
அடியில் கொஞ்சம் மண் ருசி.

"உங்க வீட்டுல எத்தனை ஃபேனு?"
"நாலு."
"நாலா! ஆட்டுக்கும் சேர்த்தா?"
ஆரோக்கியம் சிரித்துச் சிரித்து
முருங்கையைப் பிடித்துக்கொண்டான்.

கடைசிக் கம்பத்திலிருந்து குடிசை வரை
எட்டி வைத்து நடந்து எண்ணினேன்.
நூற்றெண்பது எட்டு.
மூன்று கம்பம் போதும்.
என் ஆசையின் நடுவே
நானே குழி அளந்தேன் என்று
வண்டியில் திரும்பும்போது தோன்றியது.
பொழைக்கத் தெரியாத நினைப்பு.
மறுநாள் மனுவை எழுதிக் கொடுத்தேன்,
அதற்கடுத்த வாரமும்,
அதற்கடுத்த வாரமும்.

மாசியில் வந்தது லைன்.
சித்திரையில் என் முதல் கணக்கு.
அன்றைய சுற்றில் அதுதான் கடைசி வீடு,
பொழுது சாய்ந்துவிட்டது.
பதினொரு யூனிட்.
காசு இல்லை என்றேன், நம்பவில்லை.
முடிச்சிலிருந்து இருபது ரூபாயை எடுத்து
நீட்டியபடியே நின்றாள்.
பல்பின் கீழே பேரப்பிள்ளை
தன் நிழலைப் பிடிக்கத் தவழ்ந்துகொண்டிருந்தது.

நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு
"பூச்சி அடையுது" என்று
சுவிட்சைத் தட்டினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை.
பிறகு கண்மாய் தெரிந்தது.
பிறகு அதில் கிடந்த வானம்.
ஓர் ஆடு அசைபோடும் சத்தம்
என் காலடியிலேயே கேட்டது.

"இருட்டுல போயிருவீகளா? போடவா லைட்டை?"
"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன்.

சட்டைப்பையில் போன் நடுங்கி நின்றது.
பால் பாக்கெட்டாக இருக்கும்.
கொசு கடித்தது,
முழங்காலில், கழுத்தில், காதுமடலில்.
எழுந்திருக்க மனசில்லை.